மோவாபோடு நின்றுவிடும் தீர்க்கதரிசனம்

2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில் இயேசு தம் சபையை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் சொன்னார். தரிசனத்தில் இயேசுவே வந்து சொன்னாராம். மிச்சத்தை டிக்டாக் பார்த்துக்கொண்டது. யூதர்களின் எக்காளப் பண்டிகையும் அந்த வாரமே வந்ததால் நம்ப விரும்பியவர்களுக்கு ஒரு பிடிமானமும் கிடைத்தது. 25-ஆம் தேதி எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

தேதிக்காரர்களைக் கேலி செய்ய ஒரு கட்டுரை தேவையில்லை. என்னை எழுத வைத்தது அதன் பிறகு வந்த சமாதானம். நிதானமானவர்கள், இறையியல் படித்தவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே குரலில் பேசினார்கள். நாள் குறித்தது தவறுதான், அந்த நாளை அறிந்தவர் எவருமில்லை. ஆனால் காலத்தின் அடையாளங்களைக் கவனிக்கும்படி வேதமே சொல்கிறதே, இந்தப் பரபரப்பில் நாலு பேர் வேதத்தைத் திறந்திருந்தால் அதுவும் நல்லதுதானே என்றார்கள். தேதி குறித்ததைவிட இந்தச் சமாதானம் பெரிய பிழை என்பது என் கட்சி.

கடைசி நியாயத்தீர்ப்பு என்ற நம்பிக்கையின் பெறுமதியை நான் மறுக்கவில்லை. அநியாயம் செய்தவன் சுகமாகச் செத்துப்போவதோடு கணக்கு முடியவில்லை என்பது, வழக்குமன்றம்கூட எட்டாத ஏழைக்கு இருக்கும் ஒரே மேல்முறையீடு. அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பாடினார்கள். வெளிப்படுத்தின விசேஷமும் ரோமைக் கண்டு நடுங்கிய சிறு சபைகளுக்கு எழுதப்பட்டதுதான். இவ்வளவும் சரி.

பொய்த்த தேதிகளின் கதை பழையது. நியூயார்க் மாநில விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் எட்டாம் அதிகாரத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணி 1843-க்கு வந்து சேர்ந்தார். அது கடந்துபோகவே, அவருடைய கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று திருத்தினார்கள். அதுவும் போன பிறகு அவர்களில் ஒரு சாரார் கண்டுபிடித்த விளக்கம் இருக்கிறதே, அதுதான் சாமர்த்தியம்: தேதி சரி, நிகழ்ச்சி மட்டும் பரலோகத்தில் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று குறித்த டாமி மிஷன் தலைவர் லீ ஜாங் ரிம், 1993-இல் முதிர்வடையும் பத்திரங்களில் பணம் போட்டு வைத்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றபோது, நியூயார்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலரை விளம்பரத்துக்குக் கொடுத்தார். நம் பக்கத்திலும் உண்டு. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமையனாகப் பிறந்து யுஸ்தோஸ் யோசேப்பு ஆன வித்வான் குட்டியின் கூட்டம், 1881-இல் கிறிஸ்து வருவார் என்று திருவிதாங்கூரில் காத்திருந்தது. அவர் இயற்றிய பாட்டுகள் மட்டும் மலையாளச் சபைகளில் நிலைத்துவிட்டன.

கேம்பிங்குக்கு ஒரு மரியாதை உண்டு. 2012-இல், தேதி குறித்தது பாவம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாள் குறிக்காமல் அடையாளம் மட்டும் காட்டுகிறவர்களிடம் இப்படி ஒரு கடிதம் வரவே வராது. ஹால் லிண்ட்சே 1970-இல் வெளியிட்ட 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்' அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற புனைவல்லாத நூல் எனப்பட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் பத்துக் கொம்பு ஐரோப்பியப் பொதுச் சந்தை என்றார். 1981-இல் கிரீஸ் பத்தாவது நாடாகச் சேர்ந்தது. மேடைகளில் கொண்டாட்டம். பிறகு பன்னிரண்டு, பதினைந்து, இன்று 27. கொம்புகள் முளைத்துக்கொண்டே போனபோது யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, பேச்சை மாற்றினார்கள். லிண்ட்சே 2024-இல் தம் 95-ஆம் வயதில் இயற்கையாகக் காலமானார்.

கணிப்பு பலிக்கவில்லை என்பதல்ல என் குற்றச்சாட்டு. பலித்திருந்தாலும் இது கெட்ட வாசிப்புதான். எசேக்கியேல் நூலில் படையெடுத்து வரும் கோகு யார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளைப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸுக்குக் கோத்தியர். லூத்தருக்குத் துருக்கியர். லிண்ட்சேக்குச் சோவியத் ரஷ்யா. அந்தந்தக் காலத்தில் எல்லையில் நின்ற எதிரி யாரோ அவனே கோகு. எந்த ஒரு குறிப்பிட்ட நாட்டாரையும் அப்படிக் கைகாட்ட மறுத்த அகஸ்டினை இந்த மேடைகளில் யாரும் நினைப்பதில்லை. மிருகம் எப்போதும் அடுத்தவன் ஊரில்தான் பிறக்கிறது. தீர்ப்பு எப்போதும் அடுத்தவன் தலையில்தான் விழுகிறது.

இதே ஆசையைத் தெரிந்துகொண்டு பேசியவர் ஆமோஸ். தெக்கோவா ஊர் மேய்ப்பர். வடநாட்டு இஸ்ரவேல் செழித்துக் கிடந்த யெரொபெயாம் காலத்தில் அங்கே போனவர். தொடக்கத்தில் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் கேட்பவர்களுக்குத் தேன். தமஸ்கு அழியும், இரும்புக் கருவியால் கீலேயாத்தைப் போரடித்ததற்காக. காத்சா அழியும், சிறைபிடித்தவர்களை விற்றதற்காக. தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றிலும் இருந்த பகைநாடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கூட்டம் தலையாட்டியிருக்கும். அடுத்து யூதா. அதற்கடுத்து நேராக இஸ்ரவேல்: ஒரு ஜோடி பாதரட்சைக்காக ஏழையை விற்றவர்கள், அடகு வாங்கிய துணியை விரித்துப் பீடத்தருகே படுத்தவர்கள். கர்த்தருடைய நாளுக்காக ஏங்குகிறீர்களே, அது உங்களுக்கு வெளிச்சமாக இருக்காது, இருட்டாகத்தான் இருக்கும் என்று பின்னால் ஓரிடத்தில் முகத்துக்கு நேரே சொல்கிறார். பெத்தேல் ஆசாரியன் அமத்சியா அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னதில் ஆச்சரியமில்லை.

கடைசிக்காலப் பிரசங்கம் மோவாப் வரை சரளமாகப் போகிறது. அங்கே நிறுத்திக் காணிக்கை எடுத்துவிடுகிறார்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்துக்கும் இதே கதிதான். 666 யார் என்று மூளையைக் கசக்குகிறவர்கள் 18-ஆம் அதிகாரத்தை அவசரமாகக் கடக்கிறார்கள். மகா பாபிலோன் விழுந்ததும் அழுகிறவர்கள் வியாபாரிகள். இனித் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று அழுகிறார்கள். பொன், வெள்ளி, இரத்தினம், முத்து என்று தொடங்கும் சரக்குப் பட்டியல் தந்தம், இலவங்கப்பட்டை, கோதுமை, ஆடுமாடு என்று இறங்கி, கடைசியில் அடிமைகளிலும் மனித உயிர்களிலும் முடிகிறது. அந்த முத்தில் நமக்கும் பங்குண்டு என்பதால் சற்று நிற்கிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தின் அதே நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. ரோமச் சீமாட்டியின் கழுத்துக்கும் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கியவனுக்கும் இருந்த தொடர்பை, பட்டியலின் முதல் வரியையும் கடைசிச் சொல்லையும் சேர்த்து வாசித்தால் பிடித்துவிடலாம். பேரரசின் வரவு செலவுக் கணக்கைத் திறந்து காட்டும் அதிகாரம் இது. உலகின் பெரிய சந்தைக்குள் உட்கார்ந்திருந்த அமெரிக்க வாசகர் கோடிக்கணக்கானோர் இந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார்கள். பாபிலோன் நாமாக இருக்குமோ என்ற சந்தேகம் லிண்ட்சேயின் ரசிகர்களை அண்டவே இல்லை.

அண்டாததற்கு ஒரு கோட்பாடே காவல் நிற்கிறது. இரகசிய வருகை. உபத்திரவ காலம் தொடங்குவதற்கு முன்பே விசுவாசிகள் மேலே எடுக்கப்பட்டுவிடுவார்கள் என்ற இந்தப் போதனையை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி பரப்பினார். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமம் அதே திட்டத்தை வசனத்துக்கு அடியிலேயே குறிப்பாக அச்சிட்டது. வசனம் எது, குறிப்பு எது என்று பிரிக்கத் தெரியாமலே தலைமுறைகள் வளர்ந்தன. முத்திரைகள் உடைக்கப்படும்போதும் கலசங்கள் ஊற்றப்படும்போதும் நமக்கு வேலையில்லை. மாடியில் நின்று தேர் பார்ப்பவரைப் போல மேலிருந்து பார்க்கலாம். கேட்பவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்படி எழுதப்பட்ட நூல்கள் அவனைப் பார்வையாளன் ஆக்கிவிட்டன. மத்தேயு 25-இல் செம்மறியாடு, வெள்ளாடு என்று பிரிக்கும்போது பசித்தவனுக்குக் கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதே கணக்கு. பத்துக் கொம்பின் பெயர் தெரியுமா என்ற கேள்வி அங்கே இல்லை.

இன்னும் ஒன்று. வேதத்துத் தீர்க்கதரிசி, தன் வாக்கு பொய்க்க வேண்டும் என்பதற்காகவே அதைச் சொல்கிறான். யோனா நாற்பது நாள் கெடு வைத்தார். நினிவே மனந்திரும்பியது, கெடு பொய்த்தது. எருசலேம் வயலைப்போல் உழப்படும் என்றார் மீகா. எசேக்கியா ராஜா பயந்து பணிந்ததால் அது நடக்கவில்லை என்று நூறாண்டு கழித்து எரேமியாவின் வழக்கில் பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். இது தோல்வி அல்ல, இதற்காகத்தான் பிரசங்கமே. நம் காலத்து அடையாள வாசிப்புக்கோ நிலைமை மோசமாகியே தீர வேண்டும். அமெரிக்கப் பிரசங்கி ஜான் ஹேகி 2013-இல் நான்கு இரத்த நிலாக்களை, அதாவது முழுச் சந்திர கிரகணங்களை, அடையாளமாகக் காட்டிப் புத்தகம் எழுதினார். நான்காவது கிரகணம் 2015 செப்டம்பர் 28-இல் வந்து போனது. அவர் 2006-இல் தொடங்கிய இஸ்ரேல் ஆதரவு அமைப்பு மட்டும் வளர்ந்தது. மத்திய கிழக்கில் குண்டு விழும்போதெல்லாம் இந்த மேடைகளில் குரல் தழுதழுப்பதில்லை, உற்சாகம் ஏறுகிறது. குண்டு விழும் ஊர்களில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய கடைசிக்கால வரைபடத்தில் இல்லை. சமாதானம் வந்தால் அதுவும் அந்திக்கிறிஸ்துவின் உடன்படிக்கை என்பார்கள். அழிவு நின்றுபோனால் ஏமாற்றம் அடையும் போதனையை என்னால் தீர்க்கதரிசனம் என்று அழைக்க முடியவில்லை.

இந்த வரைபடம் நம் கன்வென்ஷன் பந்தல்களிலும் யூடியூபிலும் அப்படியே தமிழ் பேசுகிறது. பார்கோடு, ஆதார், தடுப்பூசி என்று மிருகத்தின் முத்திரைகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு ஓர் ஆமோஸ் வந்தால் பிரஸ்ஸல்ஸுக்கோ மாஸ்கோவுக்கோ போக வேண்டியதில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களையும் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் எழுப்பினார்கள். அது கத்தோலிக்கரின் இடம், எங்கள் சபை வேறு என்று சொல்லித் தப்ப வேண்டாம். சாதி பார்த்துப் பெண் கொடுக்காத சபை எது? எக்காளம் ஊதும்போது கல்லறைகள் திறக்கும் என்று மணிக்கணக்கில் வர்ணிக்கிறவர்கள் அந்தச் சுவரைப் பற்றி ஒரு நிமிடமாவது பேசியிருந்தால் நான் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன்.

தேதி வேண்டாம், அடையாளம் போதும் என்று சமாதானம் சொல்லும் நண்பர்களுக்கு: தேதி குறித்தவராவது தோற்கக்கூடிய இடத்தில் நின்றார். நீங்கள் தோற்கவே முடியாத இடத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறீர்கள். தீர்க்கதரிசனத்தைப் பிரசங்கித்தே ஆக வேண்டுமென்றால் ஆமோஸ் இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். மோவாபைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.