எங்கள் நகரும் அவர்கள் வீட்டுத்திட்டமும்

"உங்கட பிள்ளையள் புத்தகத்திலதான் நிலத்தைப் பாக்கினம். பிளாட் போட்ட இடத்தில என்ன படிக்கிறது?" யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த புவியியல் ஆசிரியை ஒருவர் கேட்டார். பிளஸ் ஒன் மாணவர்களைப் புதுச்சேரி அபிஷேகப்பாக்கத்தில் மனை போட்டு எழுந்த புது நகர்களுக்குக் கள ஆய்வுக்கு அழைத்துப் போகிறவன் நான். சுருக்கென்றது.

அங்கே நடப்பதை அவர் சொல்லக் கேட்டேன். மாணவர்களை 'வெளிக்களம்' என்று வன்னிக்குக் கூட்டிப் போகிறார்கள். போருக்குப் பின் இந்திய அரசின் நிதியில் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த 46,000 வீடுகளில் சிலவற்றைப் பார்க்கிறார்கள். குடும்பத்தாரே முன்னின்று கட்டிய வீடுகள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளப்பார்களாம். நல்ல பாடம்தான். ஆனால் அரசுத் திட்டத்தில் எழுந்த ஊருக்குக் கோப்பு இருக்கும், பயனாளிப் பட்டியல் இருக்கும். எங்கள் நகர்களில் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

அளவிலேயே பாடம் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர். எந்த நிலமும் 'காணி'. எங்கள் பெரியவர்களுக்கோ காணி என்றால் 100 குழி, குழி 576 சதுர அடி. 1,200 சதுர அடி மனை இரண்டு குழிதான் என்று கணக்குப் போட்டதும் ஒரு மாணவி, "எங்க தாத்தா நாத்தங்காலே இதவிடப் பெருசு சார்" என்றாள்.

கிராவல் கொட்டி மேடாக்கிய மனையின் ஓரத்தைக் கிளறினால், அரையடிக்குக் கீழே கறுப்புக் களிமண்ணும் நத்தை ஓடும் வரும். அது நன்செய். பக்கத்து மனையும் தெருவும் மேடானதால் பழைய வீட்டின் வாசற்படி தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்கிறார்கள். ஊரை ஒட்டிய சிங்கிரிகுடி கடலூர் மாவட்டம். கொஞ்ச தூரம் நடந்தால் மாநிலமே மாறும். மழைத்தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பகுதியை மூழ்கடித்தது. எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று வீடுவீடாகக் கேட்டு எழுதிய பிள்ளைகளைப் புத்தகத்தில் மட்டும் நிலம் பார்ப்பவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பக்கத்துப் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்ட மறுநாள் ஒரு தடவை மாணவர்களை அழைத்துப் போங்கள். கையில் மனை விற்பவரின் வரைபடத்தோடு வருவாய்த் துறையின் புலப்படமும் இருக்கட்டும். வாய்க்கால் எங்கே ஓடியது என்பது அதில்தான் இருக்கிறது.