கூழும் நீரும்: அரண் அதிகாரத்திற்குச் செஞ்சி தரும் விளக்கம்

திருக்குறளின் அரண் அதிகாரத்தைப் பயில்வோர் பெரும்பாலும் அதனைப் போர்முறை கூறும் பகுதியாகவே கொள்வர். கோட்டைப் போர் ஒழிந்த இக்காலத்தில் அதனாற் பெறும் பயன் வரலாற்றறிவு ஒன்றே எனக் கருதுவாரும் உளர். அவ்வதிகாரத்தின் நடுவண் நிற்பது வாளும் வேலும் அல்ல, அளவுபட்ட பொருளைக் கொண்டு நெடுநாள் வாழும் திறனே என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். 2025 ஆம் ஆண்டில் மராட்டியர் படைநிலக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னமெனச் சேர்க்கப்பெற்ற செஞ்சிக் கோட்டை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

அரணின் உறுப்புகளை எண்ணும் குறளில் வள்ளுவர் முதற்கண் வைப்பது மதில் அன்று, நீரே. வெளிநிலம், மலை, நிழல் செறிந்த காடு என்பன அதன்பின் வருகின்றன. ‘மணிநீர்’ என்னும் அடைமொழியால் எக்காலத்தும் வற்றாத நீர் பெறப்படும் எனப் பரிமேலழகர் நயம் காண்பர். மற்றொரு குறளில் அரணுக்கு மூன்று இயல்புகள் சொல்லப்படுகின்றன: பகைவர் கொள்ளுதற்கு அருமை, உள்ளே கொண்ட கூழுடைமை, அகத்திருப்போர் நிலைத்தற்கு எளிமை. இவற்றுள் நடுவே வைக்கப்பட்ட கூழுடைமையே ஏனைய இரண்டையும் தாங்கி நிற்பது. கூழ் அற்றவழிக் கொள்ளுதற்கு அருமையும் இல்லை, நிலைத்தற்கு எளிமையும் இல்லை.

கூழ் என்னும் சொல்லின் பொருட்பரப்பு ஈண்டு நோக்கற்பாலது. அரசின் ஆறு உறுப்புகளை எண்ணும் இறைமாட்சி முதற்குறளில் அச்சொல் உணவுக்கு ஏதுவாகிய பொருளைக் குறித்ததெனப் பரிமேலழகர் உரை கொள்வர். அரண் அதிகாரத்திலோ பலவகை உணவு எனப் பொருள் கூறுவர். எனவே, வாழ்வைத் தாங்குதற்பொருட்டுச் சேர்த்து வைக்கப்படும் அனைத்தையும் தழுவும் அகலம் அச்சொல்லுக்கு உண்டு என்பது தெளிவு. நீரும் கூழும் அரணுக்கு ஒருங்கே வேண்டுவனவாயினும் அவை ஓரினத்தன அல்ல. நீர் ஆண்டுதோறும் மழையால் மீள வருவது. கூழ் முற்றுகைக் காலத்தில் எடுக்க எடுக்கக் குறைவது. முன்னதை வருவாய் என்றும் பின்னதை வைப்பு என்றும் கூறலாம். உரையாசிரியர் இவ்வேறுபாட்டை விரித்துரைத்திலர். எனினும் நூலாசிரியர் இவ்விரண்டையும் வெவ்வேறு குறள்களில் வைத்த முறையால் இஃது உய்த்துணரக் கிடக்கின்றது.

இவ்வேறுபாடு செஞ்சியிற் கல்லில் எழுதப்பட்டுள்ளது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைக்கின்றன. இராசகிரியின் செங்குத்தான பாறையை வியவாதார் இலர். ஆயின் கோட்டையின் உயிர்நிலை அவ்வுயரத்தில் மட்டும் இல்லை. குன்றுகளின் மேலும் கீழும் வளைகூரையுடன் எழுப்பப்பட்ட பெரிய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன, இவை வைப்பு. மலைமேற் சுனைகளும் மழைநீர்த் தேக்கங்களும், கீழே ஆனைக்குளம், சக்கரைக்குளம், செட்டிகுளம் முதலியனவும், கலியாண மகாலுக்கு நீர் கொணர்ந்த மண்குழாய்களும் உள்ளன, இவை வருவாய். கோட்டையைச் சமைத்தோர் இவ்விரண்டனுள் ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகக் கொண்டிலர் என்பது இவற்றாற் புலனாகும்.

இராசாராமின் காலத்து முற்றுகை இதனை மேலும் விளக்கும். 1690 இல் சுல்பிகார்கானின் முகலாயப் படை செஞ்சியைச் சூழ்ந்தது. 1698 இல்தான் கோட்டை அதன் கைப்பட்டது. முற்றுகை தளர்ந்தும் இறுகியும் நடந்ததாகலின், உள்ளே பொருள் செல்லும் வழி முற்றும் அடைபட்டதில்லை. மாறாக, 1692 ஆம் ஆண்டின் இறுதியில் சந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தலைவர்கள் முற்றியோர்க்கு உணவு வரும் வழிகளை அடைத்தனர். சூழ்ந்தவர் பசியால் வாடினர். 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். கூழ் யார்மாட்டு நின்றதோ அவர் அப்போது நின்றனர். ஆயினும் தேசிங்குராசன் கதைப்பாடல், 1714 இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்து வீழ்ந்த இளைஞனின் குதிரையையும் வாளையும் நட்பையும் பாடுகின்றதேயன்றிக் களஞ்சியத்தைப் பாடவில்லை. மக்கள் இலக்கியம் மறத்தை நினைவிற் கொண்டது. களஞ்சியத்தை நினைவிற் கொண்டது கல்லே. இரண்டையும் ஒருங்கு வைத்துக் கற்றாலன்றிச் செஞ்சியின் வரலாறு நிறைவுறாது.

இனி, இவ்வேறுபாடு நம் காலத்திற்கு எவ்வாற்றான் உரியது என்பதை ஆராய்வோம். வள்ளுவர் மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ அறிந்திருந்தார் என்பது எம் கருத்தன்று. பழைய நூலிற் புதிய பொருளை வலிந்து ஏற்றுதல் ஆராய்ச்சி ஆகாது. நூல் வகுத்த பாகுபாடு பிற்கால நிலைக்கும் பொருந்துமாயின் அதனைப் பொருத்திக் காட்டுதல் திறனாய்வுக்கு இயைபுடைத்து என்பதே எம் துணிபு. நிலத்தடி எண்ணெய் பல கோடி ஆண்டுகளில் விளைந்து, மனிதர் வாழ்நாளில் மீள விளையாதது. ஆதலின் அது வைப்பாகிய கூழே. 1973 இல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தபோது சில திங்களில் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. வழியடைப்பு என்பது கோட்டைகளோடு ஒழியவில்லை என்பதை உலகம் அன்று உணர்ந்தது. இந்தியா தனக்கு வேண்டும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கு மேல் பிற நாடுகளிலிருந்து பெறுகின்றது. இடுக்கட்காலத்திற்கென விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களிற் பாறையைக் குடைந்து அமைத்த கிடங்குகள் 53.3 இலட்சம் டன் கொள்வன. அவை நிரம்பியிருப்பினும் நாட்டுக்கு ஏறத்தாழ ஒன்பதரை நாளைக்கே போதும். செஞ்சியின் களஞ்சியத்திற்கும் இக்கிடங்குகளுக்கும் கருத்தளவில் வேறுபாடில்லை. வேறுபாடு நாள்கணக்கில்தான்.

நீரின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. 2016 இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பினும் 60 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. 2019 இல் சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் புகைவண்டியில் நீர் கொணர நேர்ந்தது. 2024 நவம்பர் இறுதியிற் கரை கடந்த பெஞ்சல் புயலின்போதோ, செஞ்சிக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. உலகின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையினும் ஏறத்தாழ 1.5 பாகை மிகுந்திருந்த ஆண்டும் அதுவே. வெப்பமுற்ற காற்று மிகுதியான ஈரத்தைத் தாங்குதலின், பெய்யுங்கால் பெருமழையாகப் பெய்தற்கு இடம் உண்டாகின்றது. ஒரு பருவம் பொய்த்தலையோ ஒரு புயல் எழுதலையோ இவ்வெப்பம் ஒன்றன்மேல் மட்டும் ஏற்றுதல் பொருந்தாதாயினும், வருவாய் ஒழுங்கு குலைகின்றது என்பதில் ஐயமில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்றார்க்கு, பொழுது திரியின் நிலத்தின் வாழ்வும் திரியும் என்பது புதிதன்று.

ஈண்டுப் பண்டைய அரணுக்கும் இன்றைய வாழ்வுக்கும் உள்ள தலையாய வேறுபாடு வெளிப்படுகின்றது. செஞ்சியில் இருந்தோர் களஞ்சியத்து நெல்லை உண்டமையால் மலைச்சுனை வற்றவில்லை. கூழ் குறைந்தது, நீர் தன் வழியிற் சுரந்தது. நாமோ நிலத்தடிக் கூழாகிய எண்ணெயை எரிக்குந்தோறும், அதன் புகையிற் கலந்த கரியமிலவாயு வெப்பத்தைப் பிடித்துவைக்க, மழையின் பருவத்தையும் கெடுக்கின்றோம். வைப்பைச் செலவிடுதல் வருவாயையும் அழிக்கும் முற்றுகை முன்னோர் அறியாதது. பகைவர் அரணைக் கொள்ளும் வழிகளைச் சூழ்தல், தாக்குதல், உள்ளிருப்போரைக் கீழறுத்தல் என மூன்றாக வள்ளுவர் கூறுவர். இன்றைய முற்றுகை இம்மூன்றாவதை ஒத்தது. வாயிலைத் திறந்துவிடுவோர் அகத்தாராகிய நாமே.

ஆயின் செய்யக்கடவது யாது? கவலையேற்றத்திற்கு மீள்க என்பது விடையன்று. ஆயினும் அவ்வேற்றத்தில் ஓர் அளவு இருந்தது: எருதின் வலிமையும் கயிற்றின் நீளமும் எட்டிய ஆழத்திற்கே நீர் இறைக்கப்பட்டது. எண்ணெய்ப்பொறியும் மின்பொறியும் அவ்வளவை நீக்கின, கிணறுகள் ஆழ்ந்தன. நாடு என்னும் அதிகாரத்திற் கூறப்பட்ட இருபுனலைக் கீழ்நீர், மேல்நீர் என உரை விரிக்கும். மேல்நீரைத் தேக்கும் ஏரிகளைத் தூர்க்க விட்டுக் கீழ்நீரை மட்டும் நம்புதல் அவ்விரண்டனுள் ஒன்றை இழப்பதாகும். ஆற்றலிலும் வைப்பை விடுத்து வருவாயை நாடும் வழி தமிழகத்திலேயே தொடங்கியுள்ளது. முப்பந்தலின் காற்றாலைகளும், 2016 இல் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் கதிரொளி மின்நிலையமும் கூழை நீராக்கும் முயற்சிகளே எனலாம்.

அரண் அதிகாரம் பொருளுடைமையோடு அமையவில்லை என்பது ஈற்றில் நோக்கத்தக்கது. எல்லாப் பொருளும் இருந்தும், இடம் நேர்ந்தவழி உதவும் நல்லாள் வேண்டும் என்பர் ஆசிரியர். எத்துணை மாட்சியுடைய அரணும் வினைமாட்சி இல்லாதாரிடத்து இல்லையாம் என இறுதிக் குறளில் முடிப்பர். செஞ்சியின் சுனையும் களஞ்சியமும் பாறையும் 1698 இலும் அங்கேயே இருந்தன, கோட்டை வீழ்ந்தது. ஆகலின் அவ்வதிகாரத்தின் முடிந்த பொருள் மதிலும் அன்று, கூழும் அன்று. இவற்றை அளவறிந்து ஆளும் மக்களே என்க.