மூன்று கம்பிகளின் கணக்கு

பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியில் நுகத்தடி தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு, 1917-இல் வந்த ஃபோர்ட்சன் ட்ராக்டரின் ஆபத்து எளிதில் புரியும். மண்ணுக்குள் கிடக்கும் பாறையில் கலப்பை சிக்கினால் பின்சக்கரங்கள் நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. சக்கரத்தைச் சுழற்ற முடியாத விசை, ஆக்சிலை மையமாக வைத்து வண்டியையே தூக்கும். கிளட்ச்சை மிதிப்பதற்குள் ட்ராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். பலர் அப்படி இறந்தார்கள்.

வண்டியின் எடையைக் கூட்டுவது சுலபமான வழி. அயர்லாந்து விவசாயி மகன் ஹாரி ஃபெர்குசன் அதைச் செய்யவில்லை. கலப்பையை மாட்டும் முறையில்தான் கோளாறு என்று கண்டுகொண்டார். கீழே இரண்டு கம்பி, மேலே ஒன்று. அந்த மூன்றையும் முன்னோக்கி நீட்டிப் பார்த்தால், கோடுகள் முன் ஆக்சிலுக்கு அருகே கூடும். கலப்பை பின்னால் தொங்குகிறது. ஆனால் வண்டியின் முன்பகுதியில் பூட்டியது போல இழுபடுகிறது. எனக்கு இதைவிட அழகான வடிவியல் எந்த இயந்திரத்திலும் தெரியவில்லை.

மண் எதிர்க்க எதிர்க்கக் கலப்பை முன்பக்கமாகச் சாயப் பார்க்கும். அப்போது மேல்கம்பி ட்ராக்டரை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முன்சக்கரங்களைத் தரையோடு பிடித்து வைக்கும். அதே கம்பி ஒரு ஸ்பிரிங்கை அழுத்தி ஹைட்ராலிக் வால்வையும் அசைக்கும். பாறையில் மோதி அழுத்தம் எல்லை மீறினால், கலப்பையின் பாரம் பின்சக்கரங்களிலிருந்து விலகும். பிடிப்பை இழந்த சக்கரங்கள் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுற்றும், வண்டி எழும்பாது. உழவுக்குப் பிடிப்பைத் தரும் உறுப்பே உயிரையும் காக்கிறது.

1946 முதல் கவென்ட்ரியில் செய்த ஃபெர்குசனின் டிஇ20 ட்ராக்டரில் இந்தக் கவனம் இன்னொரு சிறு இடத்திலும் தெரியும். அதில் கியர் லீவரைத் தனி நிலைக்குத் தள்ளினால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கியரில் இருக்கும் வண்டி திடீரென்று பாய வழியே இல்லை. மாஸே ஃபெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் டாஃபே ட்ராக்டர் நிறுவனம் தொடங்கியபோது அந்த வம்சம் நம் வயலுக்கும் வந்தது.

மேல்கம்பி மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி மரக்கட்டை இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஆக்சிலுக்கு மேலிருந்து இழுத்தால் ஃபெர்குசனின் கணக்கு முழுவதும் தலைகீழாகும்.

பக்கவாட்டில் புரள்வதற்கு அவரிடமும் மருந்தில்லை. முன் ஆக்சில் நடுவில் ஒற்றை ஊசியில் ஆடுவதால், நான்கு சக்கரம் இருந்தும் வண்டி நிற்பது முக்கோணத்தில்தான். பின்சக்கரங்களை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை அகற்றி வைக்கலாம். சரிவில் அதுவும் போதாது. வண்டி புரண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகத்தைப் புதிய ட்ராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-இலேயே கட்டாயமாக்கியது. பழைய வண்டியில் அதைப் பொருத்தினால் அசல் உருவம் கெட்டுவிடும் என்று சேகரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்குச் சரி. மேட்டு நிலத்தில் உழப் போகும் டிஇ20-க்கு உறுதியான சட்டகமும் சீட் பெல்ட்டும் போட்டால், என் கண்ணுக்கு அதன் அழகு கொஞ்சமும் குறையாது.