பால் குடித்த துணி

நனையாத துணி என்றதும் மெக்கின்டாஷ் பெயரைத்தான் சொல்வார்கள். நாப்தா என்ற கரைப்பானில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, 1823இல் காப்புரிமை வாங்கினார். கெட்டிக்கார வேலைதான். ஆனால் என் மனம் போவது அமேசான் காட்டு மக்களின் கைவேலைக்கு. அவர்கள் ரப்பரை ஒளித்து வைக்கவில்லை; துணிக்கு அதையே தோலாக்கினார்கள்.

பூமியின் வடிவத்தை அளக்க 1730களில் தென்னமெரிக்காவின் கித்தோ நகருக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் லா கோந்தமின், தன் அளவைக் கருவிக்கு ரப்பர் பூசிய துணியில்தான் உறை செய்துகொண்டார். கருவி நனைந்தால் வந்த காரியமே கெட்டுவிடுமே!

பிரேசிலின் பால்வெட்டுத் தொழிலாளிகள் பருத்திப் பையின் மேல் ரப்பர் மரத்துப் பாலைத் தடவி, பனைவகைக் கொட்டைகள் எரியும் புகையில் காட்டுவார்கள். காய்ந்ததும் அடுத்த பூச்சு, மறுபடி புகை. புகை பாலை உறையவைக்கும், பூஞ்சையும் அண்டவிடாது. பையைத் தைத்த பிறகு பூசுவதால் ஊசித்துளைகளும் அடைபட்டுவிடும். மழைக்கோட்டுகள் பெரும்பாலும் தையலில்தான் ஒழுகும் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

வீட்டில் செய்கிறவர்களுக்குக் கிடைப்பது அம்மோனியா கலந்த பால். ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். கந்தகம் சேர்த்து முன்பே பதப்படுத்தியதாக வாங்குவது உத்தமம். வெறும் பால் வெயிலில் பிசுபிசுத்துப்போகும். காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, லேசாக ஈரமாக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, முதல் பூச்சை நூலுக்குள் இறங்கும்படி தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

அதன்பின் வருவதுதான் நான் சொக்கிப்போகும் கட்டம். நீர் வெளியேற வெளியேற, அதில் மிதந்த நுண்ணிய ரப்பர் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். வெள்ளைவெளேரென்று இருந்த துணி ஓரத்திலிருந்து தெளிந்துகொண்டே வரும். இளம் பழுப்புப் படலத்துக்கு அடியில் நெசவு இழை இழையாகத் தெரியும். ஒரு வெள்ளைத் திட்டு மிச்சமிருந்தாலும் அடுத்த பூச்சுக்கு நேரம் வரவில்லை என்று அர்த்தம். அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால் மேலே ஆடை கட்டி, உள்ளே நீர் சிக்கி, சுருக்கம் விழும்.

வேலையின் தரம் மடிப்பில் தெரியும். பூச்சு துணியோடு சேர்ந்தே வளைய வேண்டும். தனியாகத் திமிறினால் பால் நூலுக்குள் இறங்கவில்லை. காய்ந்த துணிக்கு முகப்பவுடர் தூவிவிட்டு மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கை படக் கூடாது. செம்புப் பொத்தானும் வேண்டாம். செம்பு பட்ட ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும்.