காம்பராவும் செக்ரோலும்

மலையக இலக்கியத்தைப் பற்றி எழுத முற்படும் விமர்சகர்கள் லயக் காம்பராவின் அளவைச் சொல்லித் தொடங்குவதை ஒரு சம்பிரதாயமாகவே ஆக்கிவிட்டார்கள். 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. தலைக்கு மேல் தகரம். மழை வந்தால் ஒழுக்கு. எல்லாம் உண்மையே. பதுளையிலிருந்து பசறைக்கோ மடுல்சீமைக்கோ பஸ் ஏறும் எவரும் இன்றும் கண்ணால் காணக்கூடிய உண்மை. ஆயினும் அறையின் நீள அகலத்தை அளந்ததோடு அந்த வாழ்வின் துயரத்தையும் அளந்தாயிற்று என்று எண்ணும் மனோபாவத்தை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரக்கம் வேறு, யதார்த்தம் வேறு.

நகர நிர்மாண நிபுணர்கள் இன்று ஒரு கோட்பாட்டை வற்புறுத்துகிறார்கள். ஒரு பகுதியில் எத்தனை பேருக்கு வேலை உண்டோ அத்தனை பேருக்கு அங்கேயே வீடும் இருக்கவேண்டும். உழைப்பவன் நடந்தே வேலைக்குப் போய் நடந்தே வீடு திரும்பவேண்டும் என்பது அது. 1898இல் ‘தோட்ட நகரம்’ என்னும் திட்டத்தை வெளியிட்ட எபனேசர் ஹவார்டின் கனவும் ஏறக்குறைய இதுதான். அவிசாவளைப் பாதையில் ரயிலில் தொங்கியபடி கொழும்புக்கு வந்துசேரும் குமாஸ்தாவுக்கு இது நியாயமான ஆசையே. ஆனால் இதே அளவுகோலைக் கொண்டு ஊவாவை அளந்து பாருங்கள். ஸ்பிரிங்வெலியும் தெமோதரையும் தம்பேத்தன்னையும் உலகத்திலேயே தலைசிறந்த குடியிருப்புகள் ஆகிவிடும்! லயத்தை விட்டு இறங்கினால் பெரட்டுக் களம். அங்கிருந்து ஏறினால் மலை. வேலைக்கும் வீட்டுக்கும் இத்தனை நெருக்கம் வேறு எந்த நகரத்தில் உண்டு?

இந்த நெருக்கமே விலங்காயிற்று என்பதுதான் நமது சரித்திரம். செக்ரோலில் பேர் இருக்கும்வரை காம்பரா. பேர் வெட்டப்பட்டால் காம்பராவும் போயிற்று. பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவைக்கும் அதிகாரம் துரையிடம் இருந்தபோது, கூலியை உயர்த்தச் சொல்லி வாய் திறப்பவன் தன் குழந்தைகள் படுக்கும் தரையையும் சேர்த்தே பணயம் வைத்தான். 1940இல் பதுளை வேவெஸ்ஸத் தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்து, தாங்கள் தெரிந்தெடுத்த தொழிலாளர் சபையைத் துரை ஏற்கும்படி செய்தார்கள் என்றால், அவர்கள் எதைப் பணயம் வைத்து அதைச் செய்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஊவாவுக்கு அப்பால், கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மையர் தோட்டத்தில் நடந்தது இன்னும் அப்பட்டமானது. உருளவள்ளிப் போராட்டம் என்று நம்மவர் வழங்கும் சம்பவம் அது. கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் தோட்டத்தைக் கையேற்றது. 1946இல் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் வெளியேறவில்லை. பிறந்து வளர்ந்த காம்பராவில் இருந்ததற்காக அவர்கள்மீது அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. தங்கியவர்களின் நோக்கம் எவரையும் தொந்தரவு செய்வதல்ல, தம் இருப்பிடத்தில் இருப்பதே என்று கண்டு, 1950இல் அந்த நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை ரத்துச் செய்தது. அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்றாயிற்று. வீடு அவர்களுடையது என்று மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இந்த முடிச்சைக் கண்டுகொண்ட படைப்புகளே நமது இலக்கியத்தில் நிலைத்து நிற்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்தில் சங்கம் அமைக்க முயலும் தொழிலாளியின் கதைக்கு ‘வீடற்றவன்’ என்று பெயர் வைத்தார். 1981இல் நூலாக வந்த அந்த நாவலின் தலைப்பே ஒரு விமர்சனம். சங்கத்தைத் தொட்டவன் வீட்டை இழக்கிறான் என்ற உண்மையை ஒரே சொல்லில் வைத்துவிட்டார். ஊவா மண்ணிலேயே பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ இன்னொரு வகை. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்கவேண்டிய தகப்பனின் கூச்சத்தை அது சொல்கிறது. பலர் இதை இடநெருக்கடிக் கதை என்று வாசிக்கிறார்கள். அவ்வளவுதானா? அந்தத் தகப்பன் இன்னொரு காம்பரா வேண்டுமென்றால் யாரிடம் போய் நிற்கவேண்டும்? கூலி கொடுக்கும் அதே கையிடம்தானே! அவன் அவமானத்தின் வேர் அங்கே இருக்கிறது.

நண்பர்கள் சிலர் இங்கே ஏங்கெல்ஸை மேற்கோள் காட்டுவார்கள். 1872இல் எழுதிய குடியிருப்புப் பிரச்சினைக் கட்டுரைகளில், தொழிலாளிக்குக் குடிசையும் துண்டு நிலமும் கொடுப்பது அவனை முதலாளியோடு பிணைப்பதாகும், கூலியையும் குறைப்பதாகும் என்று அவர் சொன்னது மெய். அவர் கண்ட தொழிலாளிக்குப் பிணைக்கப்படும்போது கையில் ஒரு குடிசையாவது மிஞ்சியது. நமது தொழிலாளி அதுகூட இல்லாமலே பிணைக்கப்பட்டான். 1894இல் சிக்காகோவுக்கு அருகே புல்மன் கம்பெனி கூலியை வெட்டியபோது, தன் சொந்த ஊரிலேயே வாடகையை வெட்டவில்லை. வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம் இருந்தால் தொழிலாளியை எந்தப் பக்கத்திலிருந்தும் நெருக்கலாம். ஆகவே 7 பேர்ச் காணியும் தனி வீடும் பேசப்படும்போது நாம் முதலில் கேட்கவேண்டியது காணி உறுதி யார் பெயரில் என்பதையே. சுவரின் வர்ணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எச்சரிக்கை முன்னமே கொடுத்திருந்தும் இவர்கள் ஏன் இடம் பெயரவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே பெயர்வது? பேர் இருக்கும் செக்ரோல் இங்கே. தலை சாய்க்கும் இடமும் இங்கே.

இன்றைய நிலைமை இன்னும் விசித்திரமானது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் சபையின் நிதியைச் செலவிடவே தடை இருந்தது. பிள்ளைகளோ தேயிலையை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். அங்கே வேலை உண்டு. வாழத்தக்க வீடு இல்லை. இங்கே காம்பரா உண்டு. பிழைக்க வருமானம் இல்லை. காம்பராவை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், வீட்டில் ஒருவராவது செக்ரோலில் பேரை வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது தாய். புறக்கோட்டைக் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கு வந்து படுக்க ஓர் இடம் இருக்கட்டும் என்று, முதுகு வளைந்த பிறகும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். அவளைக் கதாநாயகியாகக் கொண்ட ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.