இருதயப் படமும் வெண்திரையும்: ஒரு திறனாய்வு

அருளுரையில் காட்சிக் கருவிகளைப் பயன்படுத்துவது குறித்து இறையியல் மாணவர்க்கு நாம் கற்பிப்பது பெரும்பாலும் கருவியைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. எழுத்து எவ்வளவு பெரியதாயிருக்க வேண்டும், கடைசி வரிசைக்குப் படம் தெரிகிறதா, வண்ணம் கண்ணை உறுத்துகிறதா என்னும் கேள்விகள் தேவையானவையே. ஆயினும், பார்க்கிறவர் அப்படத்தில் எதைக் காண்கிறார் என்னும் கேள்வி இவற்றிற்கெல்லாம் முந்தியது. அதை முன்வைத்து, நமது கிராம ஊழியத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு காட்சிக் கருவியை, அதாவது மனித இருதயத்தைச் சித்திரிக்கும் பழைய படவரிசையை, ஈண்டு ஆராய விழைகிறேன்.

இப்படவரிசையைப் பரப்பியவர் யோகான்னஸ் கோஸ்னர் (1773–1858). கத்தோலிக்கக் குருவாயிருந்து, 1826இல் சீர்திருத்தத் திருச்சபையில் சேர்ந்தவர். அவர் அனுப்பிய அருட்பணியாளர்களே 1845இல் ராஞ்சியை அடைந்து சோட்டாநாக்பூர் ஊழியத்தைத் தொடங்கினர். அவருடைய இருதய நூல் 1812இல் வெளிவந்தது. ஆனால் படங்கள் அவருடைய கற்பனையில் பிறந்தவை அல்ல. பிரெஞ்சு மொழியிலிருந்து ஜெர்மானியத்துக்கு வந்த ஒரு கத்தோலிக்க நூலைத் தழுவியே அவர் எழுதினார். அதன் வேரைத் தேடினால், 17ஆம் நூற்றாண்டில் பிரித்தானி நாட்டின் மீனவர்க்கும் உழவர்க்கும் ஆட்டுத்தோலில் வரைந்த படங்களைக் காட்டிப் போதித்த மிஷேல் லெ நொப்லே என்னும் குருவிடம் போய்ச் சேருகிறோம். அப்படங்களை விளக்கும் பணியை அவர் சாதாரணப் பெண்களிடமும் ஒப்படைத்தார் என்பது நம் சபைகள் கவனிக்கத்தக்கது.

படத்தின் அமைப்பை வாசகர் அறிவர். பெரியதோர் இருதயம், அதற்குமேல் ஒரு முகம், உள்ளே நடுவில் சாத்தான், அவனைச் சூழ மயில், வெள்ளாடு, பன்றி, ஆமை, புலி, பாம்பு, தேரை. மயில் பெருமையையும், ஆடு காமத்தையும், பன்றி பெருந்தீனியையும், ஆமை சோம்பலையும், புலி கோபத்தையும், பாம்பு பொறாமையையும், தேரை பொருளாசையையும் குறிக்கும். அடுத்தடுத்த படங்களில் இவை வெளியேறுகின்றன. பின்னர், விழிப்பற்ற இருதயத்துக்குள் மீண்டும் எட்டிப்பார்க்கின்றன.

காட்சிக் கருவி என்ற அளவில் இதன் சிறப்பை மறுக்க இயலாது. ஒரு படத்தில் ஒரே பொருள். அதை அரைமணி நேரம் தொங்கவிட்டுப் பேசலாம். எழுத்தறியாதவர் வீட்டுக்குப் போனபின்னும் அதை மனத்தில் விரித்துப் பார்க்கலாம். மனந்திரும்பினவனும் விழக்கூடும் என்னும் உண்மையை ஒளிக்காமல் காட்டுவதும் இதன் நேர்மை. இன்றைய துண்டுப் பிரதிகள் பலவற்றில் இந்நேர்மை இல்லை.

குறை எங்கே என்பதை நான் ஒரு மூதாட்டியிடம் கற்றேன். சில ஆண்டுகளுக்குமுன், எலவனாசூர்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், மாலைக் கூட்டத்தில் இப்படத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தெருவில் பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அதை அறிந்தும் நான் சிந்திக்கவில்லை. பன்றியிடம் வந்தபோது அந்த அம்மா எழுந்து கேட்டார்: "ஐயரே, பன்னி வித்த காசுலதான் எம் பேரனப் படிக்க வெச்சேன். அது ஏன் சாத்தான் பக்கத்துல நிக்குது?"

உவமைதான் அம்மா என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அத்துடன் முடிந்துபோனது. நான் மட்டும் இன்னும் இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அவ்விலங்குகள் ஐரோப்பிய இடைக்கால ஒழுக்க அகராதியிலிருந்து வந்தவை. அங்கே பன்றி பெருந்தீனி. இங்கேயோ அது ஒரு தெருவின் பிழைப்பு. அத்தெருவாரை இழிவுபடுத்த ஊர் பயன்படுத்தும் வசைச்சொல்லும் அதுவே. அச்சொல்லை நான் வண்ணத்தில் தீட்டி, கர்த்தருடைய நாமத்தில் அவர்கள்முன் தொங்கவிட்டேன். மயிலோ நம் மக்களுக்கு முருகனின் ஊர்தி. அதைச் சாத்தானருகில் கண்ட அயலார் நம் உபதேசத்தைக் கேட்குமுன்னரே, தங்கள் தெய்வத்தைப் பழிக்கிறோம் என்று வாசித்திருப்பார்கள். அதைக் குறுகிய மனம் என்று நாம் குறைசொல்ல முடியுமா? திருமறையிலும் படத்தின் பொருள் ஒரே நிலையில் நிற்பதில்லை. மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் பிழைக்கவைத்த காட்சி. பிற்காலத்தில் மக்கள் அதற்கே தூபம் காட்டியபோது எசேக்கியா அதை உடைத்துப்போட வேண்டியதாயிற்று.

தீர்க்கதரிசிகளின் அழைப்பிலும் தரிசனங்களிலும் இதற்கொரு வழி இருக்கிறது. எரேமியாவுக்கு வாதுமைக் கிளையையும் பொங்கும் பானையையும், ஆமோசுக்குத் தூக்குநூலையும் பழக்கூடையையும் காட்டும் ஆண்டவர், உடனே விளக்கத் தொடங்குவதில்லை. என்ன காண்கிறாய் என்று முதலில் கேட்கிறார். தீர்க்கதரிசி தன் சொல்லில் விடை கூறுகிறான். இறைவாக்கு அச்சொல்லைப் பற்றிக்கொண்டு வருகிறது. எபிரேயத்தில் வாதுமை என்னும் சொல்லும் விழித்திருத்தல் என்னும் சொல்லும் ஒலியில் நெருங்கியவை. ஆகவே காண்பவனின் மொழி இல்லாமல் அத்தரிசனமே இல்லை. (இந்த ஒலிநயம் நம் மொழிபெயர்ப்பில் மறைந்துபோவதால், வாதுமை ஏன் என்று மாணவர் ஆண்டுதோறும் கேட்கின்றனர்.)

பிரேசில் நாட்டில் பவுலோ ஃபிரையரே 1960களின் தொடக்கத்தில் எழுத்தறிவு வட்டங்களை நடத்தியபோது கைக்கொண்டதும் இம்முறையே. ஓவியர் பிரான்சிஸ்கோ பிரென்னாண்ட் வரைந்த படங்களைத் திரையில் காட்டி, உழைப்பாளிகள் தம் வாழ்வை அதில் கண்டு பேசும்வரை ஆசிரியர் காத்திருந்தார். 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் ஃபிரையரேயைச் சிறையிலடைத்தது. படத்தைக் காட்டியதற்காக அல்ல, பார்த்தவர்களைப் பேசவைத்ததற்காகவே அவர்கள் அஞ்சினர் என்று எண்ணுகிறேன்.

இன்று நம் ஆலயங்களில் இருதயப் படத்தின் இடத்தில் வெண்திரை வந்துவிட்டது. 1987இல் வெளிவந்த பவர்பாயிண்ட் வணிகக் கூட்டங்களுக்கு ஏற்றது. அருளுரைப் பீடத்துக்கு ஏற்றதா என்று நாம் அதிகம் விசாரிக்கவில்லை. 2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்கலம் சிதைந்து எழுவர் மாண்டபின், விசாரணைக் குழு ஒரே ஒரு பவர்பாயிண்ட் பக்கத்தைத் தனியே எடுத்துக் குறைகூறியது. கலத்தின்மேல் மோதிய நுரைத்துண்டு, சோதிக்கப்பட்ட அளவுகளையெல்லாம் வெகுவாக மீறியது என்னும் செய்தி தலைப்பில் இல்லை. அடியில், சிறிய எழுத்தில் புதைந்திருந்தது. எட்வர்ட் டஃப்டி இதை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். நம் திரைகளிலும் தலைப்புகள் பெரியவை. போதகர் வாயால் சொல்வதையே திரையும் சொல்கிறது. சபையார் அவரைவிட விரைவாக வாசித்து முடித்து, அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்கின்றனர். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கோ, பழைய படம் தந்த அளவுகூட இத்திரை தருவதில்லை. கோஸ்னரின் படம் அவரைப் புண்படுத்தியது. ஆனால் கேள்வி கேட்கவாவது வைத்தது.

எலவனாசூர்கோட்டையிலிருந்து தியாகதுருகம் வழியாக மேற்கே செல்லும் சாலையில் கள்ளக்குறிச்சி இருக்கிறது. 2024 ஜூனில் அந்நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடே அறியும். அதன்பின் ஒரு மாலை, அதே சிற்றூருக்கு ஒரு கரும்பலகையை மட்டும் எடுத்துச் சென்றேன். சுண்ணக்கட்டியால் ஓர் இருதயத்தை வரைந்து, உள்ளே எதையும் எழுதாமல், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. வெறுங்கையுடன் நிற்பது எனக்குப் பழக்கமில்லாததால் அந்த மௌனம் கடினமாயிருந்தது. பின்னர் ஓர் இளைஞன் எழுந்துவந்து சாராயப் பாக்கெட் ஒன்றை வரைந்தான்.

அதே மூதாட்டி பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இது யார் நெஞ்சு ஐயரே? குடிச்சவன் நெஞ்சா, வித்தவன் நெஞ்சா, தெரிஞ்சும் பேசாம இருந்தவங்க நெஞ்சா?"

நான் வரைந்திருந்தது ஒரே ஓர் இருதயம்.