ஊவாவின் மலையக எழுத்தும் 'மண்வாசனை'யும்: ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் விமர்சன உலகில் 'மண்வாசனை' என்னும் சொல் 1960களில் பெருவழக்குப் பெற்றது. தேசிய இலக்கியம் பற்றிய விவாதம் நிகழ்ந்த அக்காலத்தில், எழுத்தாளன் தான் வாழும் மண்ணின் மொழியையும் வாழ்வையும் எழுதவேண்டும் என்ற கோரிக்கை வலுவாக முன்வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அக்கோரிக்கை இயல்பாகவே பொருந்திற்று. ஆயின், தாம் வாழும் நாடு தமக்குரியதன்று எனச் சட்டத்தினாலேயே உணர்த்தப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியத்தில் மண்வாசனை என்பது யாது? பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் வேர்கொண்ட எழுத்துக்களை நோக்குமிடத்து இவ்வினா தவிர்க்க முடியாததாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

அதே 1964 பெப்ரவரியில் பெல்ஜியம் மொரோக்கோவுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தது. நெதர்லாந்து 1969இல் அவ்வழியைப் பின்பற்றியது. ஒரு நாடு கூலிக்கு ஆள் அழைத்த ஆண்டிலேயே மற்றொரு நாடு, தலைமுறைகளாக உழைத்தவரைத் திருப்பியனுப்ப உடன்பட்டது. எனினும் வழித்தோன்றல்களின் நிலையில் ஓர் ஒற்றுமை உண்டு. பெற்றோருள் ஒருவர் வெளிநாட்டிற் பிறந்திருப்பினும் பிள்ளையை 'அலொக்டோன்' என வகுத்த நெதர்லாந்தின் அரச வழக்கு 2016இலேயே கைவிடப்பட்டது. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் நெடுங்காலம் நிலைத்த 'இந்தியத் தமிழர்' என்னும் பிரிவும் அத்தகையதே. வந்தவர் மாண்ட பின்னரும் வருகை முடிவதில்லை என்பதே இச்சொற்களின் உட்பொருள்.

மலையக இலக்கியத்தை நோக்கும் விமர்சனமும் இந்த உட்பொருளிலிருந்து முற்றாக விடுபடவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) கடல் கடந்து வந்தோரின் ஆசையையும் ஏமாற்றத்தையும் நாவலாக்கியது. அஃது ஆற்றவேண்டிய பணியே. ஆனால் அதன் பின்னரும், கண்ணீரும் பயணமுமே மலையக இலக்கியத்தின் உள்ளடக்கம் என்று கொள்வோர், அவ்விலக்கியத்தைத் துன்பத்தின் சாட்சியமாக மட்டுமே வாசிக்கின்றனர். இவ்வாசிப்பு இரக்கத்தைத் தரும், மதிப்பீட்டைத் தராது.

இவ்விடத்திலேதான் தெளிவத்தை ஜோசப் (1934-2022) முக்கியத்துவம் பெறுகின்றார். பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த அவர், தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் இட்டுக்கொண்டார். ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொள்வது பழந்தமிழ் வழக்கு. ஆனால் தோட்டம், சட்டத்தின் கண்ணில், அங்கு உழைப்போரின் ஊர் அன்று; அது முதலாளியின் உடைமை. திருச்சியையோ சேலத்தையோ நினைவுகூராது, தேயிலை மலையொன்றையே ஊராக ஏற்றமை, ஒப்பந்தங்கள் மறுத்த உரித்தைப் பெயரளவிலேனும் நிலைநாட்டிய செயலாகும். 'நாமிருக்கும் நாடே' (1979) என்ற சிறுகதைத் தொகுதியின் தலைப்பும் அத்திசையையே சுட்டுகின்றது. பாரதியின் விடுதலைப் பாடலை நினைவூட்டும் அத்தலைப்பு, வாக்குரிமையற்றோர் மத்தியில் ஒலிக்கும்போது பெருமிதமாகவும் வினாவாகவும் ஒருங்கே நிற்கின்றது.

அவரது 'மீன்கள்' என்னும் கதை இதனினும் ஆழமானது. லயத்தின் ஒற்றைக் காம்பிராவில் வளர்ந்த பிள்ளைகளோடு வாழ நேர்ந்த குடும்பத்தில், இருளும் இடநெருக்கடியும் தகப்பன் ஒருவனைத் தாங்கொணா அவமானத்துக்கு உள்ளாக்குகின்றன. இங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. சுவர்களே கதையை நடத்துகின்றன. துரையின் கொடுமையை விரிக்காமலே தோட்ட அமைப்பு மனிதனை என்ன செய்கின்றது என்பதை வாசகன் உணர்கின்றான். யதார்த்தம் என்பது விவரங்களின் தொகையன்று, விவரங்களின் தேர்வே என்பதற்கு இக்கதை சான்றாகும்.

எனினும் ஒரு குறையையும் கூறவேண்டும். ஜோசப் ஆசிரியர் குடும்பத்திற் பிறந்தவர். கொழுந்துக் கூடையைச் சுமந்தவரல்லர். அவரது நோக்கு பரிவுடையதெனினும் அருகிலிருந்து காண்பவரின் நோக்கே. தோட்டத்து உழைப்பிற் பெரும்பங்கினைத் தாங்கும் பெண்கள் தம் குரலைத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வெளியிட்டனர். அச்சுக்கு வந்த புனைகதையில் அக்குரல் மிகக் குறைவு. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்து இவ்விடைவெளியைக் காட்டினார். அதனை நிரப்பும் பணி முடிந்துவிடவில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால் பிரஜாவுரிமை பெற்ற குடும்பங்களிற் பெரும்பாலானவை வாழும் காணிக்கு உரித்தற்றவையாகவே உள்ளன. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டபோது, தாம் வாழும் இடத்தைத் தாமே தெரிவுசெய்ய இயலாதோரின் நிலை வெளிப்பட்டது. ஆதலின் மலையக இலக்கியத்தில் மண்வாசனை என்பது பேச்சுவழக்குச் சொற்களையும் தப்பொலியையும் காமன் கூத்தையும் பதிவு செய்வதோடு அமைவதன்று. மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையே மறுக்கப்பட்ட உறவே அதன் பொருள். ஊவாவின் எழுத்தை 'வந்தவர் இலக்கியம்' என்று வாசிக்கும் வரை இப்பொருள் புலப்படாது. அதனை 'இருப்பவர் இலக்கியம்' என வாசிப்பதே அவ்வெழுத்துக்கு விமர்சனம் செலுத்தவேண்டிய கடன்.